இளமஞ்சள் சுவர் நினைத்தபடி வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வீட்டுக்குள் அடிக்கும் நிறங்களில் அதிகம் புகார் வருவது இளமஞ்சளுக்குத்தான். ஷேடு கார்டில் பார்க்கும்போது எல்லாருக்கும் பிடிக்கும். அடித்து முடித்த மறுநாளே "இது நாங்க சொன்ன கலரே இல்லை" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சொன்ன கலர்தான் அடித்திருப்பார்கள். அறையின் வெளிச்சம், பக்கத்தில் இருக்கும் சாமான், அடியில் இருந்த பழைய பூச்சு, இவற்றில் ஏதோ ஒன்று வேலையைக் காட்டியிருக்கும். அதனால் மறுபடி பெயிண்ட் வாங்குவதை இங்கே எப்போதும் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். உங்கள் சுவரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

## எந்தச் சிக்கலானாலும் முதலில் இது

மூன்று பொருட்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வெள்ளை ஏ4 தாள், 4000 கெல்வின் என்று அட்டையில் போட்ட நல்ல எல்இடி பல்பு ஒன்று (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை), பெயிண்ட் டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் கலர் சீட்டு. சீட்டில் ஷேடு எண்ணும், எந்தெந்த கலரன்ட் (நிறம் தரும் சாயம்) எவ்வளவு விட்டார்கள் என்பதும் இருக்கும். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டால் கடை கணினியில் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று நேரம் பாருங்கள். தாளும் நிறம் மாறித் தெரிந்தால் கோளாறு வெளிச்சத்தில். தாள் வெள்ளையாகவே இருந்து சுவர் மட்டும் சரியில்லை என்றால் கோளாறு பூச்சில். கீழே வரும் பாதிச் சிக்கல்கள் இந்த ஒரு சோதனையிலேயே பிரிந்துவிடும்.

இன்னொன்று, எமல்ஷன் (தண்ணீர் வகைச் சுவர்ப் பெயிண்ட்) ஈரமாக இருக்கும்போது சற்று வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி அழுத்தமாகும். அடித்துக்கொண்டிருக்கும்போதே நிறத்தைப் பற்றி முடிவுக்கு வர வேண்டாம். இரண்டாவது கோட் காய்ந்து ஒரு நாள் போகட்டும்.

## அறிகுறி: கார்டில் மென்மையாக இருந்தது, சுவரில் கண்ணைக் குத்துகிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறை காலியாக இருக்கிறதா? சோபா, திரை, அலமாரி எதுவும் இல்லாத அறையில் கண்ணுக்கு மஞ்சளைத் தவிர வேறு வேலை இல்லை. சாமான்களைத் திரும்ப வைத்து, திரையை மாட்டி, நான்கைந்து நாள் புழங்கிவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

இரவில் மட்டும் குத்துகிறதா? அப்படியானால் பல்பைப் பாருங்கள். 2700 கெல்வின் பல்பின் வெளிச்சமே மஞ்சள், அது மஞ்சள் சுவரில் விழும்போது இன்னும் சூடேறும். 3500 அல்லது 4000 கெல்வின் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். ஒரே அறையில் ஒரு பல்பு மஞ்சளாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் எரிந்தால் எந்த ஷேடும் ஒழுங்காகத் தெரியாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

நான்கு சுவரும் மஞ்சளா? மஞ்சள் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுகிறது, அங்கிருந்து மறுபடி இங்கே வருகிறது. ஒவ்வொரு முறையும் நிறம் கூடிக்கொண்டே போகும். விரல் அளவுக் கார்டில் இது தெரிய வழியே இல்லை. சோதிப்பது சுலபம். ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்து எதிர்ச் சுவர் முழுக்க மறையும்படி இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள், மூன்றாவது ஆள் இந்தப் பக்கச் சுவரைப் பார்க்கட்டும். போர்வை ஏறியதும் நிறம் சட்டென்று அடங்கினால் பெயிண்டில் தப்பில்லை. மஞ்சளை இரண்டு சுவரோடு நிறுத்தி, மற்ற இரண்டில் அதே குடும்பத்து வெதுவெதுப்பான வெள்ளையை அடித்தால் போதும். ஜன்னல் இருக்கும் சுவரையும் அதற்கு எதிரில் இருக்கும் சுவரையும் சேர்த்து மஞ்சளாக்க வேண்டாம். எதிர்ச் சுவரில்தான் நேர் வெளிச்சம் முழுதாக விழும், அந்த மஞ்சளை அது திரும்ப ஜன்னல் சுவருக்கே அனுப்பும்.

பூச்சு பளபளக்கிறதா? மினுமினுப்பான ஃபினிஷில் வெளிச்சம் ஒரே இடத்தில் தெறித்துப் பளிச்சென்று அடிக்கும். வரவேற்பறை, படுக்கையறை மாதிரி இடங்களில் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷுக்கு மாறினாலே நிறம் அமைதியாகிவிடும். குளியலறையிலும் சமையலறையிலும் கழுவ வேண்டியிருப்பதால் லேசாக மினுமினுக்கும் சாட்டின் இருக்கட்டும், அங்கே ஷேடைத்தான் குறைக்க வேண்டும்.

இத்தனைக்கும் அடங்கவில்லையா? சரி, ஷேடே அதிகம். கார்டில் அதே வரிசையில் இரண்டு படி மேலே இருக்கும் வெளிறிய ஷேடைப் பிடியுங்கள். ஒரு படி போதாது என்பது என் அனுபவம். அல்லது அதே ஷேடைப் பாதி அளவு டின்ட் (கலரன்ட்) போட்டுத் தரும்படி கடையில் கேட்கலாம், பெரும்பாலான கலவை இயந்திரங்களில் இதற்கு வசதி உண்டு. ஆனால் பாதி டின்ட் என்றால் நிறம் சரியாகப் பாதியாகும் என்று கணக்குப் போட முடியாது. முதலில் ஒரு லிட்டர் மட்டும் வாங்கி அடித்துப் பாருங்கள். வீட்டிலேயே வெள்ளை கலந்து வெளிறச் செய்வதாக இருந்தால், மொத்த அறைக்கும் வேண்டியதை ஒரே வாளியில் ஒரே தடவையில் கலக்கி வையுங்கள். நடுவில் தீர்ந்துபோனால் அதே நிறம் மறுபடி கிடைக்காது.

தொழில்முறை ஆள் தேவைப்படும் சிக்கல் இல்லை இது. மாடிப்படிச் சுவர் போல உயரத்தில் சாரம் கட்ட வேண்டிய இடம் என்றால் மட்டும் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: பச்சை அடிக்கிறது

மஞ்சள் பச்சைப் பக்கம் சாய அதிகம் வேண்டாம், துளி நீலமோ துளி கறுப்போ போதும். எப்போது பச்சையாகத் தெரிகிறது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### பகலில் மட்டும் என்றால்

ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். மரம், புல்தரை, பச்சை நிழல்வலை, பச்சை பெயிண்ட் அடித்த பக்கத்து மதில், எதுவாக இருந்தாலும் அதன் நிறம் உள்ளே வரும். அடுத்து ஜன்னல் கண்ணாடி. நிறமேற்றிய கண்ணாடியும், வெயிலுக்காக ஒட்டிய ஃபிலிமும் பச்சை கலந்த வெளிச்சத்தை உள்ளே விடலாம். ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துத் தாள் சோதனை செய்யுங்கள், மூடிக்கொண்டு மறுபடி செய்யுங்கள். மூடியபோது மட்டும் தாள் பச்சையானால் கண்ணாடிதான் காரணம். திறந்தாலும் பச்சை என்றால் வெளியே இருப்பது காரணம்.

மூன்றாவது, நேர் வெயிலே விழாத அறை. அங்கே வருவது வானத்தின் வெளிச்சம் மட்டும், அதில் நீலம் தூக்கலாக இருக்கும். நீலம் மஞ்சளில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செலவில்லாத வழி, மெல்லிய திரை. வெள்ளையிலும் தூய வெள்ளை வேண்டாம், கொஞ்சம் பழுப்புச் சாயல் உள்ள துணியாகப் பாருங்கள். வெளிச்சம் அதன் வழியே வரும்போது பச்சையும் நீலமும் மட்டுப்படும். ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துப் பார்க்கலாம். கண்ணாடியே மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் கண்ணாடி வேலை செய்பவரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள், பெரும்பாலும் சுவரை வேறு ஷேடில் அடிப்பதே மலிவு.

### இரவில் மட்டும் என்றால்

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பழைய டியூப் லைட்டுக்குக் கண்டதெல்லாம் பச்சை. 6500 கெல்வின் போட்ட பல்புகளிலும், தரம் குறைந்த எல்இடிகளிலும் இதே கதைதான். அட்டையில் சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்லும் எண் அது. 80 என்பது சாதாரணம், 90க்கு மேல் என்றால் நிறங்கள் ஒழுங்காகத் தெரியும். முதலில் ஒரே ஒரு பல்பை மாற்றிப் பாருங்கள், பிறகு மற்றதை வாங்கலாம்.

### எந்நேரமும் பச்சை, தாளோ வெள்ளையாக இருக்கிறது என்றால்

கலர் சீட்டைப் பாருங்கள். மஞ்சளோடு கறுப்பு கலரன்ட் சேர்ந்திருக்கிறதா? பளிச்சென்ற மஞ்சளை மட்டுப்படுத்தக் கறுப்பு விடுவது வழக்கம், ஆனால் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் ஆலிவ் பச்சை. இதே மென்மையைக் காவியோ பழுப்போ விட்டுக் கொண்டுவந்த ஷேடுகள் இருக்கின்றன. அவை பச்சைப் பக்கம் போகாது. பச்சைப் பக்கம் சாயும் எலுமிச்சை வகையை விட்டு, ஆரஞ்சுப் பக்கம் சாயும் சந்தன வகைக்கு வந்துவிட்டால் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட முடிந்தது.

அடியில் நீலமோ பச்சையோ இருந்த சுவரா? பூச்சு மெல்லியதாக இருந்தால் பழைய நிறம் ஊடுருவித் தெரியும். கண்ணில் படாத ஒரு மூலையில் ஓர் அடிச் சதுரத்துக்கு இன்னொரு கோட் அடித்துக் காயவிடுங்கள். அந்தச் சதுரம் மட்டும் சுத்தமான மஞ்சளாக வந்தால், முழுச் சுவருக்கும் இன்னொரு கோட் போதும். சதுரமும் பச்சையாகவே இருந்தால் ஷேடை மாற்ற வேண்டியதுதான்.

## அறிகுறி: அழுக்காக, மந்தமாக இருக்கிறது

ஜன்னல் இல்லாத நடை, மாடிப்படி அடி, உள்ளறைகள், இங்கெல்லாம் வரும் புகார். "இருட்டறைக்கு மஞ்சள் அடித்தால் வெளிச்சமாகும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வெளிச்சம் இருந்தால்தான் சுவர் அதைத் திருப்பிக் கொடுக்கும். இல்லாத வெளிச்சத்தை எந்தப் பெயிண்டும் உண்டாக்காது. மங்கலில் மஞ்சள் கடுகு நிறமாகவும் சாம்பலாகவும் சரிந்துவிடும்.

ஒரு மேசை விளக்கைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் நிறம் உயிர்பெற்றால் இன்னொரு விளக்கு பொருத்துங்கள். மேலே நோக்கி எரியும் விளக்காக இருந்தால் நல்லது, உட்கூரையில் பட்டு வெளிச்சம் பரவும், மூலைகளில் தேங்கும் பழுப்பு நிழலும் போகும். புதிதாக வயரிங் இழுக்க வேண்டுமானால் எலக்ட்ரீஷியன்.

விளக்குக்கு அடியிலும் மந்தம்தான் என்றால் அடுத்து ஈரத்துணி. சுவிட்ச் பக்கத்திலும் நாற்காலி உரசும் உயரத்திலும் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். மேட் ஃபினிஷ் மஞ்சளில் கை அழுக்கு சீக்கிரம் தெரியும். துணியில் அழுக்கு வந்தால் மிதமான சோப்புத் தண்ணீரில் சுவர் முழுவதையும் ஒரே சீராகத் துடையுங்கள், ஓர் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே பளபளப்பு ஏறி வேறு திட்டு வந்துவிடும்.

அப்புறம், பக்கத்தில் இருக்கும் வெள்ளை. கதவுச் சட்டமோ உட்கூரையோ நீலச் சாயல் கொண்ட பளீர் வெள்ளையாக இருந்தால் பக்கத்து இளமஞ்சள் துவைக்காத துணிபோலத் தெரியும். தாளால் அந்த வெள்ளையை மறைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். மறைத்ததும் சுவர் சுத்தமாகத் தெரிந்தால் மாற்ற வேண்டியது சட்டத்தின் வெள்ளையை. வேலையும் கால்வாசிதான்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் ஷேடின் எல்ஆர்வி எண்ணைப் பாருங்கள். எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்பதற்கு 0 முதல் 100 வரை போடும் எண் அது. வெளிச்சம் குறைந்த அறைக்கு 80க்குக் கீழே போகாதீர்கள்.

## அறிகுறி: இரவில் மஞ்சளே காணோம், வெறும் வெள்ளையாகத் தெரிகிறது

வெதுவெதுப்பான பல்பு வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரும் மஞ்சளாகத்தான் தெரியும், கண் அதற்குப் பழகி அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். அதில் மிக வெளிறிய மஞ்சளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. 4000 கெல்வின் பல்பில் வித்தியாசம் திரும்ப வந்துவிடும். அந்த வெளிச்சம் படுக்கையறைக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு படி அழுத்தமான ஷேடுக்குப் போகலாம், ஆனால் பகலில் அது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான். பகலில் அழகாக இருந்து இரவில் வெள்ளையாகத் தெரிவதை நான் குறையாகவே எண்ணுவதில்லை.

## அறிகுறி: சுவர் தனியாக நன்றாக இருக்கிறது, எதை வைத்தாலும் பொருந்தவில்லை

இங்கே முதலில் சுவரின் சாயலைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தாளை ஒட்டிப் பாருங்கள். பச்சைப் பக்கம் சாய்ந்தால் எலுமிச்சை வகை. ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால் சந்தன வகை. பொருத்தமெல்லாம் இதை வைத்துத்தான்.

வெள்ளையோடு பொருந்தவில்லை. பளீர் வெள்ளை உதவாது என்று மேலே சொன்னேன். அதற்காகப் பழுப்பேறிய கிரீமுக்குப் போனால் மஞ்சளும் கிரீமும் ஒன்றோடொன்று கலந்து, எது சுவர் எது சட்டம் என்று தெரியாமல் போகும். நடுவில் நில்லுங்கள்: கையில் பார்த்தால் வெள்ளை, ஏ4 தாளோடு வைத்தால் மட்டும் துளி வெதுவெதுப்பு தெரிய வேண்டும். உட்கூரைக்கு மட்டும் சாதாரண வெள்ளையே போதும். சுவரின் மஞ்சள் தெறித்து அதைத் தானாகவே வெதுவெதுப்பாக்கிவிடும்.

சாம்பல் சோபா. நீலம் கலந்த சாம்பல் பக்கத்தில் எலுமிச்சை மஞ்சள் புளித்துப்போகும். சோபாவை மாற்ற முடியாது என்றால் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வேண்டும்: பழுப்பு மரம், சணல் விரிப்பு, கறுப்பு மெல்லிய சட்டம் போட்ட படம். சோபாவின் பின்னால் சுவரில் படும் இடத்தை ஒரு பெரிய படத்தால் உடைத்தாலே பாதி சரியாகிவிடும். இனிமேல் வாங்குபவர்கள் மணல் சாயல் உள்ள சாம்பலைப் பாருங்கள்.

தரை. ஆட்கள் மறப்பது இதைத்தான். அறையில் பெரிய நிறப்பரப்பு சுவருக்கு அடுத்துத் தரைதான், அதை மாற்றுவதுதான் அதிகச் செலவு. ரோஜாச் சாயல் டைல்ஸ் மேல் எலுமிச்சை மஞ்சள் நிற்காது, சந்தன வகைக்கு மாறுங்கள். செம்மரத் தரையும் ஆரஞ்சுச் சாயல் மஞ்சளும் சேர்ந்தால் அறை முழுக்க ஒரே ஆரஞ்சாகிவிடும். அங்கே மஞ்சளை நன்றாக வெளிறச் செய்து, தரையில் சாம்பல் பச்சை அல்லது நீல விரிப்பு போடுங்கள். வெள்ளை, வெளிர் சாம்பல் தரைக்கு எந்த மஞ்சளும் பெரிதாகச் சண்டை போடாது. ஒரு மீட்டர் அகலத் துணியை நிறம் நிறமாகத் தரையில் விரித்துப் பார்த்துவிட்டு விரிப்பு வாங்குங்கள்.

நிறம் சேர்க்கப் போய்க் குழம்பியது. இளமஞ்சளோடு நிற்பதில் எனக்கு நம்பிக்கையானது தூசு படிந்தது போன்ற மங்கலான நீலம். பளிச் நீலம் இல்லை. திரையிலோ தலையணை உறையிலோ அது வந்தால் மஞ்சள் தெளிந்துவிடும். சாம்பல் கலந்த பச்சையும் நல்ல துணை, சுவர் சந்தன வகையாக இருந்தால். ஊதா மஞ்சளுக்கு நேரெதிர் நிறம், ஒரு குவளை, ஒரு தலையணை என்ற அளவில் அழகு, சுவராகவோ பெரிய திரையாகவோ வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். சிவப்பும் இளமஞ்சளும் சேரும் இடத்தில் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கி வர வேண்டும். ஒரு சுவரை மட்டும் அழுத்தமான மஞ்சளாக அடிக்கும் யோசனை உங்களுக்கும் வந்திருக்கலாம். வேண்டாம், பக்கத்துச் சுவர்கள் அழுக்கேறியது போல ஆகிவிடும்.

இங்கே ஒரே சோதனைதான். சந்தேகப்படும் பொருளை அறையை விட்டு வெளியே எடுத்து ஒரு நாள் வையுங்கள். நிம்மதியாக இருந்தால் அதுதான். ஒவ்வொன்றாக எடுத்தும் தீரவில்லை, தரையும் பதித்த அலமாரியும்தான் காரணம் என்றால், அவற்றை உடைக்கத் துணிவதற்கு முன் ஓர் உள் அலங்கார ஆலோசகருக்கு ஒரு முறை பணம் கொடுத்துக் கேட்பது மலிவு.

## அறிகுறி: திட்டுத் திட்டாக இருக்கிறது

விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். திட்டின் உருவம் என்ன என்பதே பதில் சொல்லும்.

நிறம் ஒன்றுதான், பளபளப்பு மாறுகிறது: பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) வைத்த இடத்தில் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கவில்லை. பட்டி பெயிண்டின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. அந்த இடங்களுக்குப் பிரைமர் அடித்து, மேலே சுவர் முழுக்க ஒரு கோட்.

ரோலர் அகலத்துக்குப் பட்டை பட்டையாக: அடித்த ஓரம் காய்ந்த பிறகு அதன் மேல் அடுத்த பட்டை ஏறியிருக்கிறது. மின்விசிறியை நிறுத்தி, ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை நடுவில் நிறுத்தாமல் அடிக்க வேண்டும். நடுச்சுவரில் இடைவேளை கூடாது.

சுவரைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல ஓரம் மட்டும் வேறு நிறம்: ஓரத்தைப் பிரஷ்ஷாலும் நடுவை ரோலராலும் அடித்ததன் விளைவு. சின்ன ரோலரால் ஓரத்தை ஒட்டி ஒரு கோட் கொடுத்தால் போகும்.

ஒரு சுவர் ஒரு மாதிரி, அடுத்தது ஒரு மாதிரி: முதலில் போர்வைச் சோதனை, வெளிச்சமாகவும் இருக்கலாம். அது இல்லை என்றால் இரண்டு டப்பாவுக்கு நடுவே கலவை மாறியிருக்கிறது. மிச்சமிருக்கும் டப்பாக்களை ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கி, ஒரு முழுச் சுவரை மூலையிலிருந்து மூலை வரை அடியுங்கள். மூலையில் மாறும் நிறம் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் மாறினால் தெரியும்.

சின்ன ஒட்டு வேலை செய்த இடம் மட்டும் தெரிகிறது: அதே டப்பா பெயிண்டாக இருந்தாலும் பழைய பூச்சு வெளுத்திருக்கும், அதனால் தெரியத்தான் செய்யும். அதுவும் மூலைக்கு மூலைதான். டப்பாவும் இல்லை, சீட்டும் இல்லை என்றால் சுவரிலிருந்து நாணயம் அளவுக்குத் தட்டையான செதில் ஒன்றைப் பெயர்த்துக் கடைக்குக் கொண்டுபோங்கள், நிறம் அளக்கும் கருவியில் வைத்து நெருக்கமாகப் பொருத்தித் தருவார்கள்.

பழுப்பு ஓரத்தோடு மேகம்போலத் திட்டு: இது பெயிண்ட் சிக்கலே இல்லை. அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

## அறிகுறி: முதலில் நன்றாக இருந்தது, மாதங்கள் போகப் போக மாறிவிட்டது

வெளுத்துவிட்டது. ஒரு படத்தைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். அங்கே மட்டும் பழைய நிறம் இருந்தால் வெயில் தின்றிருக்கிறது. பளிச்சென்ற மஞ்சளைத் தரும் கரிமச் சாயங்களில் பல, வெளிறிய ஷேடுகளில் வெயிலைத் தாங்காது. இரும்பு ஆக்சைடு மஞ்சள் தாங்கும், ஆனால் அது கொஞ்சம் மண் நிறமாகத்தான் இருக்கும். வெயில் நேராக விழும் சுவருக்கு ஆக்சைடில் செய்த ஷேடாகக் கேட்டு வாங்குங்கள்.

படத்துக்குப் பின்னால் நன்றாக இருக்கிறது, வெளியே பழுப்பேறியிருக்கிறது. புகை, எண்ணெய்ப் பிசுக்கு. கழுவிப் பாருங்கள். போகவில்லை என்றால் கறை தடுக்கும் பிரைமர் அடித்துவிட்டுத்தான் மேலே மஞ்சள், இல்லாவிட்டால் கறை மறுபடி மேலே ஏறும்.

கதவு, சட்டத்தின் வெள்ளை மட்டும் மஞ்சளாகிவிட்டது. எண்ணெய் வகை எனாமல் இருட்டில் மஞ்சளிக்கும். கதவின் மறைவான பக்கம் அதிகம் மஞ்சளித்திருந்தால் இதுதான். தண்ணீர் வகை எனாமலுக்கு மாறுங்கள். பழைய எனாமலைத் தேய்க்கும்போது ஜாக்கிரதை: பழங்கால மஞ்சள் பெயிண்டுகளில் ஈயக் குரோமேட் கலந்திருக்கலாம். வீடு பழையது, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசு கிளப்ப வேண்டாம். சோதனைக்குக் கொடுங்கள். ஈயம் இருந்தால் அதை அகற்றத் தெரிந்தவர்களிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமாதானமே கிடையாது.

பழுப்புத் திட்டு, குமிழ், வெள்ளைப் பொடி. ஓதம். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் இருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் தீர்வு. உள்ளிருந்து வருகிறது என்றால் பெயிண்டர் வேலை அங்கே முடிந்தது. குளியலறைப் பக்கச் சுவர் என்றால் பிளம்பர், மொட்டைமாடிக்குக் கீழ் என்றால் நீர்க்கசிவு தடுப்பு வேலை செய்பவர். சுவிட்ச் போர்டுக்கு அருகில் ஈரம் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கசிவை நிறுத்தாமல், சுவர் முழுதாகக் காயாமல், மேலே எந்த நிறம் அடித்தாலும் அது உரியும்.

## அறிகுறி: கண்ணாடியில் முகம் நோயாளிபோலத் தெரிகிறது

மஞ்சள் சுவர் முகத்தில் தெறிக்கிறது. கண்ணாடியின் இரு பக்கமும் சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள விளக்கு பொருத்துங்கள். நேர் வெளிச்சம் முகத்தில் விழுந்தால் தெறிப்பு அடங்கிவிடும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரை மட்டும் வெள்ளையாக்குங்கள்.

## மறுபடி அடிக்கத்தான் வேண்டும் என்றால்

சுவரில் நேராகச் சாம்பிள் அடிக்காதீர்கள், பழைய மஞ்சள் பக்கத்தில் இருந்தால் புதியது எதுவும் உண்மையாகத் தெரியாது. இரண்டடிச் சதுர வெள்ளை அட்டையில், சுற்றிலும் இரண்டு அங்குல வெள்ளை ஓரம் விட்டு, இரண்டு கோட் அடியுங்கள். ஒரு எலுமிச்சை வகை, ஒரு சந்தன வகை, இரண்டிலும் வெளிறியது ஒன்று, இவ்வளவு போதும். அட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், தரையில் படுக்கப் போட்டால் வெளிச்சம் வேறு மாதிரி விழும். ஜன்னல் சுவர், எதிர்ச் சுவர், இருட்டு மூலை என்று இடம் மாற்றி, சோபாவுக்குப் பின்னால், கதவுச் சட்டத்தின் பக்கத்தில் எல்லாம் வைத்து மூன்று வேளையும் பாருங்கள். இரண்டுக்கு நடுவே முடிவெடுக்க முடியவில்லை என்றால் வெளிறியதை எடுங்கள்.

பழைய மஞ்சளின் மேல் அடிக்கும்போது, அது அழுத்தமானதாக இருந்தால் வெள்ளைப் பிரைமர் ஒன்று கொடுத்துவிட்டு அடியுங்கள். மொத்த அறைக்கும் வேண்டிய பெயிண்டை ஒரே நாளில் ஒரே கலவையாக வாங்கி, பெரிய வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் ஊற்றி, ஷேடு எண், அறை, அடித்த தேதி மூன்றையும் மூடியில் எழுதி வைத்துவிடுங்கள்.